கூப்பிட்டால் ஆள் வேண்டும்

பதில் வராத பெயரை அவளால் தாங்க முடியாது. எங்கேயாவது யாராவது ஒரு பெயரைக் கூப்பிட்டு, சுற்றியிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் கால் ஆட ஆரம்பிக்கும். நகத்தைக் கடிப்பாள். அதற்குமேல் முடியாமல் அவளே எழுந்து நின்றுவிடுவாள்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று மந்தைவெளியில் ஒரு கிளினிக்குக்குத் துணைக்கு வந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து "சரோஜா" என்றார். யாரும் எழவில்லை. மறுபடியும் "சரோஜா யாருங்க" என்றார். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் இவள் உள்ளே போய்விட்டாள். பத்து நிமிடம் கழித்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். சரோஜாவுக்கு இடுப்பு வலியாம். ஊசி போட்டுவிட்டார்கள்.

"நான் சரோஜா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானேடி?" என்றேன்.

"டாக்டரு எவ்ளோ ஆசையா கேட்டாரு தெரியுமா, வலி எப்டிமா கீதுன்னு. அவர் மொகத்துல எப்டி மச்சி இல்லன்னு சொல்றது? கூப்டா ஆள் வேணும்ல?"

இதுதான் அவள் அடிக்கடி சொல்வது. கூப்டா ஆள் வேணும்ல. கூரியர்காரர் கீழே நின்று கத்தினால் யார் வீட்டுப் பார்சலாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாள். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு குருக்கள் "யார் பேருக்கு?" என்று கேட்டு, தட்டுக்காரர் அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தால், இவளே ஒரு பெயரையும் நட்சத்திரத்தையும் கற்பனை செய்து சொல்லிவிடுவாள். அப்படிக் கண்ணால் கண்டிராத எத்தனை பேருக்கு அவள் ஆயுள் கேட்டு வாங்கினாளோ தெரியாது.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறக்கவில்லை, நன்றாக ஞாபகமிருக்கிறது. எழுதினால் நீங்கள் மனதுக்குள் படிப்பீர்கள். படிப்பதும் கூப்பிடுவதும் எவ்வளவு பக்கம் என்று அந்த வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

ப்ளஸ் டூ வருடம் அது. நான் மயிலாப்பூர், அவள் மந்தைவெளி. இரண்டு பேரும் விடிவதற்கு முன்னால் தி.நகர் பஸ்ஸைப் பிடித்துக் கெமிஸ்ட்ரி டியூஷனுக்குப் போவோம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து, கீழே பிளவுஸ் தைக்கும் கடை, இரண்டாவது மாடியில் வகுப்பு. காலை ஐந்தே முக்காலுக்கு ஆல்டிஹைடும் கீட்டோனும் மனித மூளைக்குள் போகும் என்று கண்டுபிடித்தவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சார் நல்லவர்தான். ஆனால் தலை நிமிராதவர். ரெஜிஸ்டரைத் திறந்து குனிந்தால் நாற்பது பெயரும் முடியும்வரை எங்களைப் பார்க்கவே மாட்டார், காது மட்டும்தான் வேலை செய்யும். வராதவர்களின் வீட்டுக்கு ஆறு மணிக்கெல்லாம் மெசேஜ் போய்விடும். தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் பெயர்மேல் சிவப்புக் கோடு. அத்தோடு அந்த ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட இடத்தில் அவளைப் போன்ற ஒருத்தி இருந்தால் என்ன ஆகும்? நாங்கள் எல்லோரும் வீட்டில் தூங்கினோம். அவள் எங்களுக்காக விழித்திருந்தாள்.

வராதவருக்குப் பதிலாக ப்ராக்ஸி கொடுப்பது எல்லா ஊரிலும் உண்டு. கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு எதையோ முனகுவார்கள். அவள் குரலிலேயே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாள். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் இம்ரான், ராயப்பேட்டைக்காரன், அவன் அப்பா சோபா தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இம்ரானுக்கு எந்தச் சொல்லையும் முடிக்கப் பொறுமை கிடையாது. "ப்ரெசென்ட் சா" என்பதோடு நிறுத்திவிடுவான். அவளும் சரியாக அங்கேயே நிறுத்துவாள். என்னுடையதில் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கும், நான் வந்திருப்பதில் எனக்கே சந்தேகம் என்பதுபோல. அவள் செய்துகாட்டிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. மழை கொட்டிய ஒரு நவம்பர் காலையில் பதினோரு பேருக்குக் குரல் கொடுத்தாள். சார் தலை குனிந்தபடியே, மழையிலும் நல்ல அட்டெண்டன்ஸ் என்று சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் என் அம்மாவுக்கே போன் போட்டு என் குரலில், ஸ்பெஷல் டெஸ்ட் இருக்கிறது, வர நேரமாகும் என்று சொன்னாள். அம்மா கொஞ்சம்கூடச் சந்தேகப்படாமல், "சரி, வெறும் வயத்தோட இருக்காதே. ஆத்துக்கு வரச்சே மல்லி வாங்கிண்டு வா" என்றாள். நாங்கள் சினிமாவுக்குப் போய்விட்டு, மல்லி வாங்கிக்கொண்டு வந்தோம். பதினேழு வருடம் வளர்த்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று பஸ் முழுக்கச் சிரித்தோம். எனக்குள் மட்டும் ஏதோ ஒன்று சிரிக்கவில்லை.

இந்தத் திறமை அவளுக்குத் தாய்வழி வந்தது. அவள் அம்மா கோடம்பாக்கத்தில் டப்பிங் தியேட்டர்களில் கூட்டத்துக்குக் குரல் கொடுப்பவர். திரையில் சந்தைக் காட்சி என்றால் பின்னால் கேட்கும் இரைச்சலில் நாலு குரல் அவருடையது. பஸ் கவிழ்ந்தால் அலறுவார், எழவு வீட்டில் ஒப்பாரி வைப்பார், தண்ணீரில் மூழ்குபவளுக்காக மூச்சுத் திணறுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவளுக்கோ சாகப்போகிறவளுக்கோ குரல் கொடுத்தால், வேலை முடிந்ததும் அதே மைக்கில் தன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். குரல் தன்னிடமே திரும்பிவிட வேண்டுமாம். கடைசியாகச் சொல்வது சொந்தப் பெயராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சவுண்ட் இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை மைக்கை அணைக்கமாட்டார்கள்.

மகளுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார். மகள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரெஜிஸ்டரில் ஆங்கில எழுத்து வரிசைப்படி அவள் பெயர்தான் கடைசி. முப்பத்தொன்பது பேரில் யாருக்குக் குரல் கொடுத்தாலும், கடைசியில் நாற்பதாவதாகத் தன் பெயருக்குத் தன் குரலில் பதில் சொல்லியாக வேண்டும். தினமும் அவளை அறியாமலே அந்தக் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரியில் சார் புது ரெஜிஸ்டர் போட்டார். பக்கத்துக்கு நாற்பது வரி. அவள் பெயரோடு பக்கம் முடிந்தது. முதல் நாள் அவள் "ப்ரெசென்ட் சார்" சொன்ன பிறகு, மூட வேண்டிய சார் பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் முதல் வரியில் ஒரு பெயர் இருந்தது. அதைப் படித்தார்.

பெண் பெயர். இனிஷியல் இல்லை. எங்களில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. சார் கொஞ்ச நேரம் காத்திருந்து ஆப்சென்ட் போட்டு மூடினார். புது அட்மிஷன் போல என்று நினைத்தோம். இரண்டாம் நாளும் படித்தார், யாரும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். யாரோ பாவம், ரெண்டு நாள் மெசேஜ் போயிருக்கும், வீட்டில் அடி விழும் என்று.

மூன்றாம் நாள் சார் அந்தப் பெயரைப் படித்தார். என் பக்கத்தில் அவள் கால் ஆடியது. பெஞ்சே ஆடியது.

"ப்ரெசென்ட் சார்."

அவள் இதுவரை செய்த குரல்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. இதற்கு இல்லை. ஈரமான குரல். ரொம்ப நாள் பேசாமல் இருந்த ஒருத்தி, நாக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்துப் பேசுவதுபோல. இம்ரான் சிரித்த சிரிப்பில் அவன் பேனா கீழே விழுந்தது. சார் டிக் போட்டு ரெஜிஸ்டரை மூடினார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கேயிருந்துடி எடுத்தே என்று கேட்டேன்.

"தெர்ல மச்சி. அதுவா வந்துச்சு" என்றாள். அதையும் அந்தக் குரலில்தான் சொன்னாள்.

அன்றைக்கு முழுக்க அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. டீக்கடையில் அந்தக் குரலில் பன் பட்டர் ஜாம் கேட்டாள், கடைக்காரர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் வேடிக்கை முடிந்தது. நாற்பதாவதாக அவள் பெயரைச் சார் படித்தார். அவள் பதில் சொன்னாள், வந்தது ஈரக் குரல். பெயர் கூப்பிட்ட ஆள் மட்டும் பேசுங்கள் என்று சார் சொல்லிவிட்டு ஆப்சென்ட் போட்டார். பக்கத்தைத் திருப்பி அடுத்த பெயரைப் படித்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து "ப்ரெசென்ட் சார்" வந்தது.

ஆறு மணிக்கு அவள் போன் அடித்தது. மகள் வகுப்புக்கு வரவில்லை என்று அம்மாவுக்கு மெசேஜ் போயிருந்தது.

"அம்மா, நான் கிளாஸ்லதாம்மா கீறேன்."

அந்தப் பக்கம் அவள் அம்மா கேட்டது எனக்கே கேட்டது. "யாரு நீ? எம் பொண்ணு போனு உங்கிட்ட எப்டி வந்துச்சு?"

"நான்தாம்மா."

"நீ யாருன்னு கேட்டேன்."

அவள் போனை அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தொண்டை கட்டிவிட்டது என்று சைகையிலேயே சமாளித்தாள். என் அம்மா ஏமாந்த இடத்தில் அவள் அம்மா ஒரு நொடிகூட ஏமாறவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் குரல்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. சொந்தக் குரல் மட்டும் இல்லை. ஈரக் குரலில் பேச அவளுக்குப் பயம். அதனால் எங்களிடம் எங்கள் குரலிலேயே பேச ஆரம்பித்தாள். இம்ரானிடம் இம்ரானாக, என்னிடம் நானாக. பனகல் பார்க் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அந்தக் கேள்விக்குறியோடு, "எனக்கு பயமா இருக்கு நந்தினி?" என்றாள். என் பயத்தை என் குரலில் இன்னொருத்தி வாயிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

இம்ரான் ஒயிட்னர் கொண்டுவந்து, சார் வருவதற்கு முன் அந்தப் பெயரை அழித்தான். சார் வெள்ளைத் திட்டைப் பார்த்து அதே பெயரைப் படித்தார். தாளையே கிழித்தோம். அட்டையைப் பார்த்துப் படித்தார். அந்தப் பெண் யார் சார் என்று நேராகவே கேட்டோம். அவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து, "ரெகுலரா வர்ற பொண்ணும்மா. அவளைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். மறுநாள் கிழித்த தாள் ரெஜிஸ்டரில் ஒட்டியிருந்தது. இம்ரான் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்தான், நான் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தேன், பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் ஜெபித்த எண்ணெயும் வாங்கி வந்தோம். எல்லா இடத்திலும் சொல்லியாச்சு, யாராவது ஒருத்தர் ஃப்ரீயா இருப்பாங்க என்றான் இம்ரான். யாரும் ஃப்ரீயாக இல்லை.

அவளுக்கு ஆப்சென்ட் விழ ஆரம்பித்த பத்தாம் நாள் டெஸ்ட். நாற்பது பேர் எழுதினோம், நாற்பத்தொரு பேப்பர் திருத்தி வந்தது. அவள் பேப்பர் வெறும் தாள். மூன்று மணி நேரம் அவள் எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் கையெழுத்திலேயே இருந்த இன்னொரு பேப்பரின் மேல் அந்தப் பெயர், எழுபதுக்கு அறுபத்தாறு.

"நம்ம எல்லாரையும் விடப் பேய் நல்லா படிக்குது மச்சி" என்றான் இம்ரான். அவள்கூடச் சிரித்தாள். சிரிப்பும் இம்ரானுடையதாக இருந்தது.

அதற்குப் பிறகு வேகம் கூடிவிட்டது. பள்ளியிலும் அவள் பெயருக்கு நேராக ஆப்சென்ட். பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டு அவளைத் தாண்டிப் போவார். வகுப்பில் அவள் சொந்தக்காரர்கள்போல இருந்த பிள்ளைகள், மழைநாளில் அவளால் திட்டு வாங்காமல் தப்பித்த பதினோரு பேர், கடைசி பெஞ்சில் யார் அது என்று என்னைக் கேட்டார்கள். பதினைந்தாம் நாள் சிவப்புக் கோடு. அதற்குப் பிறகு எனக்கும் இம்ரானுக்கும்கூட அவளைத் தெரியாமல் போய்விடும் என்று எங்கள் மூன்று பேருக்குமே புரிந்துவிட்டது.

அவள் அம்மாவின் வழக்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசியாகச் சொல்வது சொந்தப் பெயராக இருக்க வேண்டும். நாற்பத்தொன்றுக்குப் பிறகு அவள் பெயர் இன்னொரு முறை வர வேண்டும், அதற்கு அவள் குரலில் யாராவது பதில் சொல்ல வேண்டும். இம்ரான் முயற்சி செய்தான். நான் செய்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அடையாறு பாலத்துக்குக் கீழே நின்று மாறி மாறிக் கத்தினோம். வரவில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. போனில் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. ஒன்றுவிடாமல் போட்டுக் கேட்டோம். சாராக, என் அம்மாவாக, மெட்ரோ அறிவிப்பாக, இம்ரானின் அப்பாவாக. ஒன்றில்கூட அவள் இல்லை. இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப்போல் அவள் பேசக் கேட்டோமே தவிர, அவளைப்போல் அவள் பேசியதை நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவே இல்லை. அவள் படித்துறைக் கல்மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாலாம் நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா ஒரு சண்டைப் படத்துக்கு மூன்று நாளாக அலறிவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்திருந்தார். கதவைத் திறந்து, மகளைப் பார்த்து, கூப்பிட வாயெடுத்தார். பெயர் வரவில்லை. அப்புறம் தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பால்பாயிண்ட் பேனாவால் மகள் பெயரை எழுதி வைத்திருந்தார்.

"நேத்துலேர்ந்து இப்டிதான் கீது" என்றார். "பேரு வழுக்கிக்கினு போவுது. நீங்களாச்சும் சொல்லுங்க, இன்னா பண்ணி வெச்சா?"

சொன்னோம். இதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்பால உம் பேரச் சொன்னியா?"

அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

மறுநாள் விடிவதற்கு முன் நான்கு பேராகத் தி.நகர் பஸ் ஏறினோம். அவள் அம்மா என் பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் எங்கள் நடுவில் உட்கார்ந்தார். இம்ரான் சார் வருவதற்குள் ரெஜிஸ்டரில் நாற்பத்திரண்டாவது வரியில் அவள் பெயரை எழுதினான். சாருடைய கையெழுத்தில் எழுத வேண்டும் என்று முந்தின நாள் முழுக்கப் பழகியிருந்தான். மேஜைமேல் சிவப்புப் பேனா மூடி திறந்து கிடந்தது.

சார் வந்தார், குனிந்தார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. இம்ரான் தன் வாழ்க்கையில் முதல்முறையாக "சார்" என்று முழுசாகச் சொன்னான். நாற்பது. அவள் பெயர். யாரும் பேசவில்லை. சார் சிவப்புப் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். நாற்பத்தொன்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், உதடு அசையவில்லை. ஆனாலும் ஈரக் குரல் வந்தது. இந்த முறை அவளிடமிருந்து வந்ததா, எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரிலிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

நாற்பத்திரண்டு.

சார் அவள் பெயரைப் படித்தார். அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிய தொண்டையில் எச்சிலை ஒருமுறை விழுங்கினார்.

"ப்ரெசென்ட் சார்."

கேட்டதும் தெரிந்துவிட்டது. அடடா, இதுதானே அவள் என்று. மேலே கொஞ்சம் மெல்லியதாக, உள்ளே கொஞ்சம் அவசரமாக, நல்ல குரல். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. சார் டிக் போட்டார். சிவப்புப் பேனாவை மூடினார். அவள் அம்மா உடனே தன் பெயரைத் துப்பட்டாவுக்குள் முனகிக்கொண்டார். அவர் எதையும் மறக்கவில்லை.

"அம்மா" என்றாள் அவள். அந்தக் குரலில்.

வகுப்பு முடிந்ததும் இம்ரான் ஓடிப்போய் ரெஜிஸ்டரைத் திறந்தான். நாற்பத்தொன்றாவது வரி காலியாக இருந்தது. ஒயிட்னர் பூசிய தடம்கூட இல்லை. கீழே ஓடிவந்து தெருவில் குதித்தோம், இட்லிக் கடையில் ஆளுக்கு ஆறு தின்றோம். அந்தப் பெயர் போய்விட்டது. எங்கே போயிற்று என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் ப்ராக்ஸி கொடுக்கவில்லை. பட்டது போதும் என்று இருப்பாள், நியாயம்தானே என்று நினைத்தேன். யாரையாவது செய்துகாட்டு என்று இம்ரான் கெஞ்சினால், மறந்துபோச்சு என்பாள். பரீட்சைக்கு நன்றாகப் படித்தாள், எங்களை எல்லாம் விட நன்றாக. பஸ்ஸில் ஒருநாள் கண்டக்டர் கீழே கிடந்த ஒரு ஐடி கார்டை எடுத்து, அதிலிருந்த பெயரைச் சொல்லி யாருதும்மா, யாருதும்மா என்று கத்திக்கொண்டே வந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஆடவே இல்லை.

ரிசல்ட் வந்து, எனக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்த பிறகு, ஸ்வீட் பாக்ஸோடு அவள் வீட்டுக்குப் போனேன். மத்தியான வேளை. அவள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார். ஸ்வீட்டை வாங்கி வைத்தார், தலையைத் தடவினார். மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்துச்சுல்ல. 'சார்'ன்னு முடிக்க சொல்ல கொரலு கொஞ்சம் ஒடஞ்சிச்சு. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை.

"எம் பொண்ணு கொரல்ல அந்த ஒடப்பு கெடையாது. பொறந்ததுலேர்ந்து கெடையாது." மீன் துண்டு ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்தார். "இப்ப கீது. வாயத் தொறந்தா நான் ஒடைச்ச அதே எடத்துலதான் ஒடையுது."

எதைத் திருப்பி வாங்கிவிட்டோம் என்று குதித்தோமோ, அதைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அந்த ஈரக் குரல்காரிக்கு அவள் குரலையும் பெயரையும் சேர்த்து, டிக் போட்டு. என்ன ஆன்ட்டி செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். இதைத் தெரிந்துகொண்டே எப்படிக் கூட இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருப்பேன், அதற்குள் அவரே சொன்னார்.

"இன்னா பண்ண சொல்ற? காலைல எந்திரிச்சு 'பசிக்குதும்மா'ன்னு வந்து நிக்கிது. எதுவா இருந்தா இன்னா, சோறு போடாம இருக்க முடியுமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தெனம் சாப்புட சொல்ல அவ பேர ஒருதபா கூப்டுறேன். இது உடனே 'வரேம்மா'ன்னும். அது சொல்லி முடிச்சதுக்கு அப்பால கொஞ்சம் நின்னு கேப்பேன். எம் பொண்ணு எங்கியோ கீறா. அவளால பதில் சொல்லாம இருக்க முடியாது."

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்துப் பேசாதே என்று கை காட்டினார். மகள் பெயரை, நல்ல உரத்த குரலில், தெரு வரைக்கும் போகும்படிக் கூப்பிட்டார்.

"வரேம்மா" என்று பதில் வந்தது. கடைசியில் லேசாக உடைந்தது, இப்போது எனக்கும் கேட்டது.

மீன் சட்டியில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை கரண்டியைப் பிடித்தபடி நின்றார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தேன்.